அவள் வைத்த இடம்

— அங்கிள், இதை யார் திருப்பினாங்க?

— எதை?

— இந்த நாப் எல்லாத்தையும். நாலும் ஜீரோல இருக்கு. வர்ஷுவோட பையை நான் கொண்டுவந்து குடுத்தப்ப அவ கிடார் பெடல் இப்படி இல்ல.

— நான்தான் திருப்பினேன் ஸ்மிதா.

— கைக்கு அங்கிள், எதுக்கு?

— ஆயுத பூஜை அன்னிக்கு.

— இந்த வருஷம் உங்களுக்குப் பண்டிகை கிடையாதே.

— கிடையாது. பூஜை பண்ணல. துடைச்சேன், அவ்வளவுதான். ஃபாக்டரில இன்ஸ்ட்ருமெண்ட் செக்‌ஷன்ல ரிட்டயர் ஆகற வரைக்கும் அதான் பழக்கம். பூஜைக்கு முன்னாடி எல்லா மீட்டரையும் ஆஃப் பண்ணி, எல்லா நாப்பையும் ஜீரோவுக்குக் கொண்டுவந்து துடைச்சு வெச்சாதான் பொட்டு வைக்க விடுவாங்க. அன்னிக்கு வீட்டுல சும்மா உக்காந்திருந்தேன். கை கேக்கல. இந்த ரூமுக்கு வந்தேன். பையைத் தொறந்தா இது இருந்தது. நாப் எல்லாம் ஒண்ணு ஒரு பக்கமா கோணல்மாணலா நின்னுது.

— அது கோணல் இல்ல அங்கிள். அதான் அவ சவுண்டு.

— இப்பதான் தெரியுது. விஜயா வந்து பாத்தா. அவளுக்கும் இது என்ன பெட்டின்னு தெரியாது. ஆனா பொண்ணு வெச்ச இடத்தை நான் கலைச்சுட்டேன்னு மட்டும் புரிஞ்சுது. அன்னிலேர்ந்து எங்கிட்ட பேசறதில்ல.

— ஒரு வார்த்தை கூடவா?

— கிச்சன்ல தட்டு வைக்கற சத்தம் வரும். சாப்பாடு ரெடின்னு அர்த்தம். ரெண்டு தடவை வெச்சா ஆறிப்போகுதுன்னு அர்த்தம்.

— ஸ்மிதா கண்ணு! காபி கலந்து வெச்சிருக்கேன், வந்து எடுத்துக்கோ. இன்னொரு டம்ளரும் இருக்கு. யாருக்கு வேணுமோ குடு.

— பாத்தியா? எனக்குத்தான் அது.

— இதோ வரேன் ஆன்ட்டி!

— போய் எடுத்துட்டு வா. வந்து, நீ எதுக்கு வந்தேன்னு முதல்லேர்ந்து சொல்லு. வாசல்ல நின்னு சொன்னது ஒண்ணும் மண்டைல ஏறல. இப்பல்லாம் அப்படித்தான் இருக்கு.

— இந்தாங்க, உங்க டம்ளர். அது என்னன்னா அங்கிள், எங்க பேண்டோட அந்தப் புதுப் பாட்டு. மழைக்கு முன்னாடி ரெக்கார்ட் பண்ணோம். வர்ஷு அன்னிக்கு பாஸ் கிடாரை நேரா லேப்டாப்ல சொருகி வாசிச்சா. பெடல் சவுண்டு அப்புறமா ஏத்திக்கலாம்னு சொன்னா.

— அப்புறம் காய்ச்சல் வந்துது.

— ஹவ், ஆமா. இப்ப பாட்டு வெளிய வரணும். அவ வாசிச்சது பச்சையா இருக்கு. சில நோட்டு முட்டுது, சில நோட்டு காணாமப் போகுது. ராகவேந்திரா என்ன சொல்றான்னா, வேற ஒரு பையனை வெச்சு பாஸ் மட்டும் திரும்ப வாசிச்சுடலாம்னு. நாளைக்கு அந்தப் பையன் ஸ்டுடியோவுக்கு வரான்.

— அப்போ வர்ஷினி வாசிச்சது?

— போயிடும்.

— பேர் போடுவீங்களா?

— நன்றின்னு போடுவோம்.

— ம்.

— அவ ட்ராக்கை இந்த பெடல் வழியா விட்டு, அதே சவுண்டு வந்துடுச்சுன்னா ராகவேந்திரா ஒத்துப்பான். அதுக்குத்தான் ஓடி வந்தேன். நாப் அவ வெச்ச மாதிரி இருக்கும், அப்படியே சொருகிடலாம்னு நெனச்சேன்.

— ஃபோட்டோ எதுவும் இல்லையா?

— மாதாப்பூர்ல வாசிச்ச எல்லா ஃபோட்டோவும் தேடிட்டேன். அவ ஷூ தெரியுது. பெடல் இருட்டுல இருக்கு.

— சரி. இது என்ன பண்ணும், அதைச் சொல்லு.

— இது கம்ப்ரஸர்.

— எங்க ஃபாக்டரில கம்ப்ரஸர்னா லாரி சைசுல இருக்கும். பக்கத்துல நின்னா பேச்சு கேக்காது.

— இது காத்தை அமுக்காது அங்கிள், சத்தத்தை அமுக்கும். ஓங்கி அடிச்ச நோட்டைத் தலைல தட்டி உக்கார வைக்கும். மெதுவா தொட்ட நோட்டைக் கையைப் புடிச்சு மேல தூக்கும். எல்லாம் ஒரே உயரத்துல வந்துடும்.

— ஏத்தமும் இருக்காது, இறக்கமும் இருக்காது.

— ஹவ்.

— தெரியும் அது எப்படி இருக்கும்னு. மேல சொல்லு. லெவல்னா மொத்த சத்தம். காம்ப்னா எவ்வளவு அமுக்கணும்னு. இது என்ன, பிளெண்ட்?

— அதுதான் முக்கியம். உள்ள போற சத்தம் ரெண்டாப் பிரியும். ஒண்ணு அப்படியே போகும், விரல் எப்படித் தொட்டுதோ அப்படி. இன்னொண்ணு அமுக்குப்பட்டுப் போகும். பிளெண்டை இந்தக் கோடில வெச்சா வெறும் பச்சை. அந்தக் கோடில வெச்சா வெறும் அமுக்கினது. நடுவுல எங்க வெச்சாலும் ரெண்டும் கலந்து வரும்.

— கீசர் குழாயும் பச்சைத்தண்ணிக் குழாயும் மாதிரி.

— அதேதான். டோன் என்னன்னா, அமுக்கினா சத்தம் கொஞ்சம் மங்கிடும், கம்பளி போத்தின மாதிரி. டோனைக் கூட்டினா பளிச்னு ஆகும், குறைச்சா உருண்டையா ஆகும். ஆனா இந்தப் பெடல்ல அது அமுக்கின பக்கத்துக்கு மட்டும்தான். பச்சையைத் தொடாது.

— சூடு தண்ணில மட்டும் கலக்கற உப்பு. சரி. நீ கூடவே வாசிச்சவ, உனக்கு அவ சவுண்டு ஞாபகம் இருக்குமே.

— நான் டிரம்மர் அங்கிள். மேடைல என் காதுல என் டிரம் மட்டும்தான் இருக்கும். அவ வாசிக்கறது எனக்கு முதுகுல அதிரும். முதுகை வெச்சு நாப் திருப்ப முடியாது. நீங்க வீட்டுல கேட்டிருப்பீங்களே?

— அவ ஆரம்பிச்சா நான் டிவி சத்தத்தைக் கூட்டிப்பேன்.

— ஆன்ட்டி?

— விஜயா கேட்டிருப்பா. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் கிச்சன். தினம் சாயங்காலம் இவ இங்க, அவ அங்க.

— ஆன்ட்டி! ஒரு நிமிஷம் இங்க வரீங்களா?

— நான் அந்த ரூமுக்கு வரமாட்டேன் கண்ணு.

— வர வேண்டாம் ஆன்ட்டி. அங்கியே நில்லுங்க. வர்ஷு வாசிச்சது வெச்சிருக்கேன், அதைப் போடறேன். அவ வீட்டுல வாசிப்பாளே, அது மாதிரி இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.

— அவ கதவைச் சாத்திட்டு வாசிப்பா.

— சாத்திடறேன். அங்கிள், நீங்க நாப்கிட்ட உக்காருங்க. நான் லேப்டாப்லேர்ந்து ட்ராக்கை விடறேன், பெடல் வழியா அந்த ஸ்பீக்கருக்கு வரும். எல்லாத்தையும் நடுவுல வைங்க முதல்ல.

— வெச்சாச்சு.

— விடறேன்... ஆன்ட்டி, கேக்குதா?

— கேக்குது. இது யாரோ.

— அங்கிள், காம்ப் இன்னும் கொஞ்சம். பிளெண்டை வலது பக்கம். ஆன்ட்டி?

— மாடிவீட்டுப் பையன் கார்ல பாட்டை அலறவிட்டு வந்து இறங்கற சத்தம் இது.

— டோனைக் குறைங்க. இப்ப?

— தண்ணிக்குள்ளேர்ந்து வருது.

— கூட்டுங்க. இப்ப, ஆன்ட்டி?

— தகரம்.

— உங்க அம்மா... உங்க வீட்டு அம்மா கஷ்டமான கஸ்டமர் அங்கிள்.

— கத்திரிக்கா வாங்கப் போனாலே அப்படித்தான். கூடையையே கவுத்துப் பாப்பா.

— அங்க என்ன பேச்சு? எனக்குக் கேக்குது.

— ஒண்ணும் இல்ல ஆன்ட்டி! இதைக் கேளுங்க. காம்ப் ஃபுல். பிளெண்ட் ஃபுல்.

— மெஷின் வாசிக்கற மாதிரி இருக்கு. கையே இல்ல. நிறுத்து கண்ணு, போதும்.

— நிறுத்திட்டேன்.

— ஏம்மா, உன் ஃபோன் அதிருது.

— ராகவேந்திரா. என்ன ஆச்சுன்னு கேக்கறான். அந்தப் பையனுக்குப் பாட்டை அனுப்பட்டுமான்னு கேக்கறான்.

— என்ன சொல்லப் போற?

— தெரியல. இது ஆகாது போல அங்கிள். நானும் எத்தனை விதமா திருப்பச் சொல்றது.

— அழறியா?

— இல்ல. வரல. அன்னிக்கும் வரல. எல்லாரும் என்னையே பாத்தாங்க.

— எனக்கும் வரல. வந்தவங்கள்லாம் தோள்ல கை வெச்சு அழுதுடுங்கோ, அழுதுடுங்கோன்னாங்க. நான் வந்தவங்களுக்குச் சேர் போட்டுட்டிருந்தேன். வராட்டி போகட்டும் விடு. காபியைக் குடி, ஆறிப்போச்சு.

— ஆறினா என்ன.

— ஸ்மிதா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? இப்படி நாலையும் ஒரே சமயத்துல திருப்பினா எது எதைக் கெடுக்குதுன்னு எப்படித் தெரியும்? எங்க செக்‌ஷன்ல ஒரு மீட்டர் தப்பாக் காட்டினா முதல் வேலை, எல்லாத்தையும் ஜீரோவுக்குக் கொண்டுவரது. அப்புறம் ஒண்ணை மட்டும் தூக்கறது. அது சரியானப்புறம்தான் அடுத்தது.

— திரும்பவும் ஜீரோவா?

— எனக்கு வேற வழி தெரியாதும்மா.

— சரி. வைங்க. கடைசியா ஒரு தடவை. ஆன்ட்டி, இருக்கீங்களா?

— வேற எங்க போவேன்.

— நாலும் ஜீரோ. இப்ப சத்தமே வராது இல்லியா? லெவலைத் தூக்கறேன். பாதி. நீ விடு.

— விட்டுட்டேன்.

— காம்ப் அப்புறம். டோனை மட்டும் தூக்கறேன். கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...

— நில்லு!

— ஆன்ட்டி?

— நில்லு, நில்லு, நிறுத்தாத. ஓடட்டும். இதான். இந்த இடத்துல விரலை ஒரு தடவை வழுக்க விடுவா பாரு... விட்டா. நான் கரண்டியைக் கீழ வெச்சுடுவேன் இங்க வந்தா. ஒரு நோட்டு சரியா விழாது, அவளே திரும்ப அதையே தட்டுவா. அவதான்.

— அங்கிள், கையை எடுக்காதீங்க.

— எடுக்கல. டோன் இந்தப் புள்ளிக்கு நேரா இருக்கு. குறிச்சுக்கோ.

— இருங்க. பிளெண்ட் எங்க இருக்கு?

— ஜீரோல. அதை நான் இன்னும் தொடல. ஒண்ணொண்ணாத்தானே?

— அப்போ டோன் ஒண்ணும் பண்ணல அங்கிள். பிளெண்ட் ஜீரோல இருந்தா அமுக்கின பக்கம் வெளியவே வராது. நீங்க வராத தண்ணிக்கு உப்புப் போட்டுட்டிருந்தீங்க.

— அப்போ அவ கேட்டது?

— வெறும் பச்சை. வர்ஷுவோட விரல் மட்டும். டோனைக் கடைசி வரைக்கும் திருப்புங்க, பாக்கலாம்.

— திருப்பிட்டேன்.

— ஆன்ட்டி, ஏதாவது மாறுதா?

— இல்ல. அவதான்.

— இப்பதான் புரியுது அங்கிள். இந்தப் பெடல் எப்பவும் எங்க பிராக்டிஸ் ரூம்லதான் கெடக்கும். வீட்டுல அவ இது இல்லாமதான் வாசிச்சிருக்கா. ஆன்ட்டி கேட்டது வேற, நாங்க கேட்டது வேற. நான் அமுக்கின பக்கத்துலேர்ந்தே தேடிட்டிருந்தேன்.

— இது போதுமா உங்க ராகவேந்திராவுக்கு?

— இது மட்டும் போதாது. டிரம் வந்தா பாதி நோட்டு முங்கிடும். ஆனா இதை அப்படியே அடியில வெச்சுக்கிட்டு, அமுக்கினதைக் கொஞ்சமா மேல விட்டா நிக்கும். காம்ப் பாதி வைங்க. டோனை நடுவுக்குக் கொண்டுவாங்க. இப்ப பிளெண்ட், மெதுவா. ரொம்ப மெதுவா. ஆன்ட்டி, உங்க பொண்ணு இருக்கற வரைக்கும் இருக்கான்னு சொல்லுங்க.

— இருக்கா.

— இன்னும் அங்கிள்.

— இருக்கா... இருக்கா... இப்ப குரல் தடிச்சுது, ஆனா இருக்கா... இல்ல. போயிட்டா. திரும்பி வா.

— கொஞ்சம் பின்னால, அங்கிள்.

— இப்ப இருக்கா.

— அங்கியே விடுங்க. நான் டிரம்மையும் சேத்து விடறேன்... ஐயோ, நிக்குது. அங்கிள், நிக்குது! எல்லா நோட்டும் கேக்குது. யாரும் பேசாதீங்க, பாட்டு முடியற வரைக்கும் ரெக்கார்ட் பண்றேன்.

— ம்.

— ஆச்சு. ராகவேந்திராவுக்கு அனுப்பிட்டேன்.

— என்ன சொல்வான்?

— எழுதிட்டிருக்கான்... நிறுத்திட்டான்... திரும்ப எழுதறான். "இது வர்ஷுதான். அந்தப் பையனை வர வேண்டாம்னு சொல்லிடறேன்"னு போட்டிருக்கான்.

— நல்லது.

— அவ்வளவுதானா அங்கிள்?

— நல்லதுதான்மா. அப்போ பெடலை எடுத்துட்டுப் போறியா?

— நக்கோ அங்கிள், வேண்டாம். வேலை முடிஞ்சுது. இது இங்கயே இருக்கட்டும்.

— அப்போ நாப்பையெல்லாம் எங்க வெச்சுப் பையில போடறது? மேடைக்கு அவ வெச்ச இடம் இனிமே யாருக்கும் தெரியாது. விஜயாகிட்ட கேளு. நான் கேட்டா பதில் வராது.

— கேக்கறேன். கதவைத் தொறக்கறேன் இருங்க... அட, ஆன்ட்டி! இங்கயே நிக்கறீங்களா? உள்ள வாங்க. அங்கிள் என்ன கேக்கறார்னா—

— கேட்டுது கண்ணு. ஏங்க, நீங்க துடைச்சு வெச்ச இடத்துலயே வைங்க.