எல்வினின் சட்டை

இந்த நாற்காலிகளை அடுக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது, சகோதரி ரெய்னா. எட்டுக்கு மேல் போனால் அடியில் இருப்பது பிளந்துவிடும். பன்னிரண்டு வருடமாக இந்தச் சபையில் இது என் வேலை. கடைசி ஒன்றரை வருடம் உங்கள் மகன் எனக்கு முன்பே வந்து அடுக்கி வைத்திருப்பான். நான் வந்து நிற்பேன். செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

உட்காருங்கள். சட்டை மடியிலேயே இருக்கட்டும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. வியாழக்கிழமை மாலை எல்வின் வீட்டுக்கு வந்து, இந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேறொன்றைப் போட்டுக்கொண்டு சபைக்குக் கிளம்பினான். போகும் வழியில், தண்ணீர்த் தொட்டியருகே அவனைச் சுட்டுக் கொன்றார்கள். ஆணியில் மாட்டிய சட்டையின் காலரில் சாராய வாடை. என் பிள்ளை குடித்தானா என்று கேட்கிறீர்கள். வேறு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன்.

இந்த மலைச்சரிவில் கும்பலில் சேர்ந்தவன் உயிரோடு வெளியே வர ஒரே வாசல்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கர்த்தரிடம் போகிறேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். ஆனால் கண்காணிப்பார்கள். வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம், தினமும் மாலை சபை. குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, பழைய கூட்டாளியோடு பேசக் கூடாது. கடவுள் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவனை மன்னிப்பதில்லை என்பதில் அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள்.

அப்படி வருகிறவனுக்குச் சபையில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பாஸ்டர் என்னைத்தான் காட்டினார். அதில் ஆச்சரியமில்லை. குடித்துக் குடித்துச் சாக்கடையில் கிடந்த முடிதிருத்துபவன் எலிசேயோ, ஒரே நாளில் எழுந்து நின்றவன் நான். ஒவ்வொரு ஞாயிறும் என்னை எழுப்பிச் சாட்சி சொல்லச் சொல்வார். மனைவிமார் கணவன்மாரை விலாவில் இடித்து, "பாரு, அந்த மனுஷனைப் பாரு" என்பார்கள். அந்த விலா இடிகளுக்காகத்தான் நான் வாழ்ந்தேன் என்று சொன்னால் தப்பில்லை.

பிறகு எல்வின் வந்தான், நெற்றியில் பச்சை குத்திய கும்பல் எழுத்துகளோடு. அவன் வாயைத் திறக்கவே வேண்டாம். எழுந்து நின்றாலே சபை அழுதது. என்னை எழுப்புவது முதலில் மாதம் ஒருமுறை ஆயிற்று. பிறகு அதுவும் இல்லை.

எனக்கு அவன்மேல் கோபமில்லை. தலையில் ரொட்டிக் கூடையோடு என் கடை வழியாகத்தான் போவான். "பிரதர், நெத்தில இருக்கிறதை உங்க கத்தியால வழிச்சு விட்டுறக் கூடாதா? ஓசில வேண்டாம், ரெண்டு ரொட்டி தர்றேன்" என்பான். ஆனால் உள்ளுக்குள் எப்போதும் நடுக்கம். ஒருநாள் கேட்டான், "பிரதர், ரோட்டுல போறப்ப சிரிக்கலாமா? பாக்கிறவங்க தப்பா எடுத்துக்குவாங்களா?" இருபத்து நான்கு வயது. சிரிப்பதற்கு அனுமதி கேட்டான். யோசித்து, சபை வளாகத்துக்குள் மட்டும் சிரி என்றேன். அதையும் கடைப்பிடித்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் கடையைப் பெருக்கித் தருகிறேன் என்று வந்தவன், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த புட்டியைப் பார்த்துவிட்டான்.

கத்திகளைத் துடைப்பதற்காக வைத்திருக்கும் சாராயம் அது. அப்படித்தான் சொன்னேன். கத்திகளையும் அதில் துடைப்பதுண்டு.

அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, புட்டியை இன்னும் உள்ளே, யார் கண்ணிலும் படாதபடி தள்ளி வைத்தான். "எனக்கும் நாக்கு ஊறும் பிரதர். சாயங்காலம் கூட்டம் முடிஞ்சதும் வந்து உங்ககூடச் சும்மா உக்காந்திருக்கட்டுமா? ரெண்டு பேரா இருந்தா அந்த நேரம் கடந்துரும்" என்றான். என் தோளில் கை வைத்தான்.

பிறகு தினமும் வந்தான். பேசமாட்டான். நானும் பேசமாட்டேன். யாரிடமும் அவன் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் மாட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைப் பார்த்து ஊர் திருந்தியது, சகோதரி. என்னைத் திருத்த ஒருவன் என் கடையில் வந்து உட்கார்ந்திருந்தான். அவன் போன பிறகு, முன்பைவிட அதிகமாகக் குடித்தேன்.

போன வாரம் அவனுக்கு இருமல். மருந்துக்கடையில் கொடுத்த புட்டியில் சாராய நெடி வந்தது என்று திருப்பிக் கொடுத்துவிட்டானாம். நீங்கள்கூடத் திட்டியிருப்பீர்கள். வியாழக்கிழமை இருமிக்கொண்டே வந்தான். தேனில் எலுமிச்சை பிழிந்து, சாராயம் கலந்து நீட்டினேன். நம் வீடுகளில் குழந்தைக்கும் கொடுப்பதுதான்.

"வேணாம் பிரதர். பயமா இருக்கு."

"மருந்துடா. நான்தானே உனக்குப் பொறுப்பு? நான் சொல்றேன், குடி."

என்னை நம்பிக் குடித்தான். பாதியில் இருமல் வந்து காலரில் சிந்திக்கொண்டான். அந்த வாடைதான் இது.

அவன் வெளியே போகும்போது இடக்கையன் உள்ளே வந்துகொண்டிருந்தான். கும்பலில் எல்வினுக்குத் தலைவனாக இருந்தவன். வாசலிலேயே அவனைக் கட்டிப்பிடித்தான். நலம் விசாரிப்பதுபோல்தான் இருந்தது. பிறகு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான். துணியைப் போர்த்தினேன்.

"என்ன மாஸ்டர், உங்க பரிசுத்தவான் எப்படி நடக்கிறான்?"

"நல்லா நடக்கிறான்."

"வாய்ல வாடை வருதே. இப்பல்லாம் சாராயத்துலயா ஞானஸ்நானம் குடுக்கிறீங்க?"

அவன் பிடரியில் என் கத்தி ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா உங்களைக் காட்டித்தான் எங்கப்பனை வைவா. எலிசேயோ பொய் சொல்லமாட்டார்டான்னு. அதனால கேக்கறேன். குடிச்சானா?"

"குடிச்சான்."

"பாத்தீங்களா?"

"என் கண்ணால பாத்தேன்."

அவன் கண்ணாடியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காதுக்கு மேல இன்னும் கொஞ்சம் எடுங்க" என்றான்.

மருந்து என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் கேட்கவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லைதான். இடக்கையன் ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் மூன்றரை மணிக்கு என்னிடம் முடிவெட்ட வருவான். நான்கு வருடமாக அதே நேரம். எல்வினுக்குப் புதன்கிழமையே இருமல் அதிகம். நாளைக்கு மூன்று மணி கழித்து வா, மருந்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. இன்னும் பத்து நிமிடம் என்று எதையெதையோ பேசி அவனை உட்கார வைத்தேன். பிறகுதான் டம்ளரை நீட்டினேன்.

ஆக, உங்கள் மகன் குடிக்கவில்லை. மருந்துதான் சாப்பிட்டான். கடைசிவரை சுத்தமாகத்தான் நடந்தான். நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அழாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அழுங்கள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார் பாஸ்டர். இவ்வளவு காலம் கழித்து. எல்வினைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மரணம்வரை உண்மையாக இருந்தவன் என்று. கேட்டு நாலு பேர் திருந்துவார்கள். அவன் போனது வீணாகாது. பெற்றவள் முன்வரிசையில் இருந்தால் சபைக்கு இன்னும் நன்றாக இருக்கும். உங்களுக்கு ஒரு நாற்காலி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தச் சட்டையை மட்டும் கொண்டுவர வேண்டாம், சகோதரி. வாடை பட்டு, யாராவது அவனைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.