நாரை வரும்வரை கட்டிய நூல்

இந்த வருஷம் நாரை தாமதமாகத்தான் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேளைக்கு வந்திருந்தால் நீங்கள் என்னை விசாரிக்க இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்க வேண்டாம்.

நான் ஆயாவாக இருக்கும் விடுதியில் இருப்பவர்கள் எழுந்து நடக்க முடியாத பிள்ளைகள். பெற்றவர்கள் வருவதில்லை. மார்ச் முதல் தேதி எங்கள் ஊரில் நாய்க்குட்டிக்குக்கூட யாராவது சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கம்பளி நூலைக் கட்டிவிடுவார்கள். நோய் அண்டாதிருக்கத்தான். நாரையைக் கண்ட பிறகே அவிழ்த்துப் பூத்த மரத்தில் கட்ட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நான்தான் கட்டுவேன். வேறு யார் இருக்கிறார்கள்?

இந்த வருஷம் ரலிட்சா என்ற புது நர்ஸ் வந்தாள். கிருமி பரவாமல் பார்ப்பது அவள் பொறுப்பு. நல்ல பெண். கையில் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"ஸ்தோயான்கா அத்தை, வேலை செய்யறவங்க கையில முழங்கைக்குக் கீழ ஒண்ணும் இருக்கக் கூடாது. பிள்ளைங்க நூலையும் எடுத்துடறேன்."

"கல்யாண மோதிரத்தையே கழட்டிட்டேன் கண்ணு. அவரு போய்ச் சேந்துட்டாரு, கேக்க மாட்டாரு. ஆனா இந்த நூலு நோய் வராம இருக்கத்தானே?"

"ஈரம் பட்ட கம்பளி அத்தை. அதுல கிருமி குடித்தனம் பண்ணும். அப்புறம் கையை எவ்வளவு தேச்சுக் கழுவினாலும் வீண்தான்."

"பண்ணட்டுமே, வாடகையாவது வரும்," என்றாள் சமையல்காரி பென்கா. எல்லோரும் சிரித்தோம். ரலிட்சாவும் சிரித்தபடியேதான் ஒவ்வொரு கையிலிருந்தும் வெட்டிக் குப்பைப் பையில் போட்டாள்.

ஓக்னியானுக்குப் பேச்சு வராது. பார்க்க மட்டும் தெரியும். அன்று முழுக்க வெறும் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் கையில் இருந்த நூலை நான் கொடுக்கவில்லை. அவிழ்த்துக் காலுறைக்குள் வைத்துக்கொண்டேன். ரலிட்சா சாப்பிடப் போனதும் அதை ஓக்னியானுக்குக் கட்டினேன். அவன் உதடு விரிந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து வியோலெத்தா பார்த்தாள். அவளுக்கும் வேண்டாமா? புதிதாய் முறுக்கலாம்தான், ஆனால் முதல் தேதி கட்டியதுதான் நூல், பிறகு முறுக்குவது வெறும் கம்பளி. இருந்தது ஒன்று. ஆகவே ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கட்ட முறை வைத்தேன்.

ஒவ்வொரு முறையும் கை கழுவினேன். சோப்புப் போட்டு, விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு எல்லாம். "அத்தை கழுவறதைப் பாத்துக் கத்துக்குங்க," என்று ரலிட்சா மற்றவர்களுக்கு என்னைக் காட்டுவாள். நூலைக் கழுவவில்லை. சாயம் போய்விடும்.

பிறகு ஓக்னியானுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. தனி அறையில் போட்டார்கள். மேலங்கி, கையுறை இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. நான் இரண்டையும் அணிந்துதான் போனேன். நூலைக் கட்டினால் உடனே தூங்கிவிடுவான். தூங்கியதும் அவிழ்த்து வெளியே எடுத்து வந்தேன். அடுத்தது வியோலெத்தாவின் முறை. அது எந்தக் கையிலிருந்து வந்த நூல் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாதியில் நிறுத்தினால் பாரபட்சமாகிவிடும்.

வியோலெத்தாவுக்கு வயிற்றில் குழாய் வைத்துத்தான் ஆகாரம். உடம்பில் எலும்பு தவிர ஒன்றுமில்லை. அவளுக்கும் வயிற்றுப்போக்கு வந்து, ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு அடங்கிவிட்டது.

ரலிட்சா தண்ணீர்க் குழாய்களைச் சோதித்தாள், தொட்டிகளைச் சோதித்தாள், பென்காவின் கரண்டிகளைக்கூடச் சோதித்தாள். எங்கும் ஒன்றும் அகப்படவில்லை. கழுவிக் கழுவி அவள் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தது.

"என் கையாலதான் போச்சு போல, அத்தை."

"அழாதம்மா. உன் கை சுத்தம்," என்று சொல்லிக் களிம்பு தடவிவிட்டேன். நான் சொன்னது பொய்யில்லை, அவள் கை சுத்தம்தான். அவளை வேலையிலிருந்து நீக்கிய அன்று பெட்டியைப் பேருந்துவரை தூக்கிக்கொண்டு போனதும் நான்தான்.

அதற்குப் பிறகும் கட்டினீர்களா என்று கேட்கிறீர்கள். கட்டினேன். தெரிந்தேதான் கட்டினேன். பென்கா பார்த்துவிட்டு உங்களுக்குச் சொன்ன நாள்வரை கட்டினேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஓக்னியான் பிழைத்துக்கொண்டான். நூல் அதிக நேரம் இருந்தது அவன் கையில்தான். வியோலெத்தாவுக்கு ஒரு மதியம் மட்டுமே கிடைத்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டு வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு தவறுதான் என்னை உறுத்துகிறது.

நேற்று நாரை வந்து எதிர்க் கூரையில் நின்றது. நான் பார்த்தேன். எங்கள் பிள்ளைகளில் மெத்தோதி பார்க்கவில்லை, அவன் கட்டில் ஜன்னல் பக்கம் இல்லை. அதனால் அவனுக்கு நூல் கட்டும் காலம் இன்னும் முடியவில்லை.

நூலை ஒரு பையில் போட்டு ஒட்டிவிட்டீர்கள். கேட்டு முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மெத்தோதிக்கு இன்னும் முறை வரவில்லை.