பதினான்கு எழுத்துகள்

பாஸ்வேர்டை மறந்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சிரிப்பார்கள். பதினொரு வருடம் அந்தச் சிரிப்பைப் பார்த்தே சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஒருத்தரிடமும் முகம் சுளித்ததில்லை. அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள், பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள்.

சளி உறிஞ்சும் மெஷினின் பாட்டில் ஏன் காய்ந்து கிடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து தொடங்கினால்தான் என் பக்கமும் உங்களுக்குப் புரியும்.

எங்களுடையது சரக்கு அனுப்பும் கம்பெனி. அறுபத்திரண்டு கம்ப்யூட்டர். அத்தனைக்கும் தலை, மாடிப்படிக்கு அடியில் சின்ன அறையில் ஓடும் ஒரு சர்வர். அதன் அட்மின் பாஸ்வேர்டு ஒரே ஆளிடம்தான் இருந்தது. அவரை நாங்கள் சார் என்போம். நான் அவருக்கு அடுத்த ஆள். ஐந்து வருடம் பக்கத்து நாற்காலி. கேட்கும்போதெல்லாம், "ரெண்டு பேர்கிட்ட சாவி இருந்தா அப்புறம் பூட்டு எதுக்குப்பா?" என்பார். டீ வாங்கிக் கொடுப்பார், வீட்டுக் கதையெல்லாம் சொல்வார், பாஸ்வேர்டு மட்டும் தரமாட்டார்.

ஒன்றரை மாதத்துக்கு முன் அந்த அறையிலேயே பக்கவாதம் வந்து விழுந்தார். பேச்சு போய்விட்டது, கை கால் போய்விட்டது. அறிவு மட்டும் தெளிவாக இருக்கிறது என்றார் டாக்டர். இதற்கிடையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருடைய பாஸ்வேர்டும் காலாவதியாகும்படி அவர் வைத்திருந்த கெடு வந்தது. புதுப்பிக்க அட்மின் வேண்டும். திங்கட்கிழமை காலையில் அறுபத்திரண்டு திரையும் ஒன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டன.

குறுக்கு வழி கிடையாது. வேறு விதமாகத் திறந்தால் உள்ளே இருப்பது மொத்தமும் அழியும்படி அமைத்திருந்தார். வேலையில் கெட்டிக்காரர். அதை நான் மறுக்கவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார். "அஞ்சு வருஷம் அந்தாளு பக்கத்துலயே உக்காந்திருந்தியே, என்னத்தய்யா கத்துக்கிட்ட? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். சனிக்கிழமை உன் சீட்டுல வேற ஆள் உக்காந்திருப்பான்." வரவேற்பில் இருக்கும் பெண் சிரித்தாள். அவளுடைய பாஸ்வேர்டை நான் இருபது முறையாவது மாற்றிக் கொடுத்திருப்பேன்.

அன்றைக்கே சாரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவிக்கு, அக்கா என்றுதான் கூப்பிடுவேன், லீவு தீர்ந்துவிட்டது. மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை வேலைக்குப் போயே ஆகவேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் உட்காருகிறேன் என்றேன். "நீங்க வந்தது எனக்கு இன்னொரு கை முளைச்ச மாதிரி இருக்கு தம்பி" என்றார். என்னென்ன செய்ய வேண்டும் என்று காட்டினார். மணிக்கொரு தடவை மூக்குக் குழாயில் தண்ணீர். முதுகு புண்ணாகாமல் இருக்க அவ்வப்போது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தொண்டையில் சளி கட்டினால் மெஷினைப் போட்டு எடுக்க வேண்டும், ஒரு நிமிட வேலை.

அவரோடு பேச ஓர் எழுத்து அட்டை இருந்தது. விரலை ஓட்டிக்கொண்டே போனால் வேண்டிய எழுத்தில் இமைப்பார். அதன் அடியில் எண்களையும் குறிகளையும் நான் எழுதிச் சேர்த்தேன். நாற்பது நிமிடத்தில் பதினான்கு எழுத்துகள் வந்தன. ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். ஏழாவது, மின்னஞ்சல் முகவரியில் வருமே, அந்த அட் குறி. தட்டாமல் கொடுத்தார். சந்தோஷமாகக்கூட இருந்த மாதிரி தெரிந்தது.

அலுவலகம் போய் அடித்தேன். தவறு என்றது. ஐந்து முறை தவறினால் அரை மணி நேரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டேன். அதே பதினான்கு. மறுபடி தவறு. மேனேஜர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாட்சைப் பார்த்தார்.

நோயாளி குழம்பிச் சொல்லியிருந்தால் இரண்டு நாளும் ஒரே மாதிரி வராது. ஆகவே தெரிந்தேதான் ஏமாற்றுகிறார் என்று முடிவுக்கு வந்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

புதன்கிழமை அவரைப் புரட்டவில்லை. காரணத்தையும் சொன்னேன், சொல்லாமல் செய்வது என் வழக்கமில்லை. "சார், நான் தப்பா அடிக்கல. நீங்க விழுந்தப்ப உடைஞ்ச கீபோர்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கி மாட்டியிருக்கேன். தப்பு உங்க பக்கம்தான்." அதைக் கேட்டதும் கண் பெரிதாக விரிந்தது. அட்டையைக் காட்டினேன். அதே பதினான்கு. முடித்த பிறகும் இமைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வேண்டியது பாஸ்வேர்டு, கதை இல்லை. அட்டையை மடித்து வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை தண்ணீரையும் நிறுத்தினேன். அப்போதும் அதே பதினான்கு. அக்கா திரும்பி வந்து, "என்ன தம்பி, உங்களைப் பாத்தா இவர் அழறாரு?" என்றார். "பழைய ஆபீஸ் ஞாபகம் வந்திருக்கும்க்கா" என்றேன். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டேகாலுக்குத் தொண்டையில் சளி இரைய ஆரம்பித்தது. ஸ்விட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அட்டையை முன்னால் பிடித்தேன். "சரியானதைச் சொல்லுங்க சார், சொன்ன அடுத்த நொடி போட்டுடறேன்." நிதானமாகத்தான் சொன்னேன், குரல் உயரவில்லை. அவர் ஆரம்பித்தார். முதல் எழுத்து அதே எழுத்து. இரண்டாவதும். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், ஐந்தாவது நாளாக அதே பொய். ஒன்பதாவது எழுத்தோடு இமை நின்றுவிட்டது. அட்டையைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது மணி மூன்று ஆகப் பத்து நிமிடம்.

சனிக்கிழமை மேனேஜர் வெளியிலிருந்து ஒருவனை வரவழைத்தார். நான் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தேன். "அண்ணே, இந்தத் துண்டுக் காகிதத்துல எழுதியிருக்கே, என்னது இது?" என்றான். பொய் என்றேன். அவன் அதைப் பாஸ்வேர்டு கட்டத்தில் அடிக்கவில்லை. மேலே பெயர் எழுதும் கட்டத்தில் அடித்தான், அங்கேதான் அடிப்பது கண்ணுக்குத் தெரியும். கீழே வெறும் கரும்புள்ளிதான். அட் குறி வரவேண்டிய இடத்தில் மேற்கோள் குறி வந்தது. "கீபோர்டு மாத்தினீங்களாண்ணே? இது வேற நாட்டு அமைப்பு, சர்வர் இன்னும் பழைய கீபோர்டு கணக்குலயே இருக்கு. இந்த ரெண்டு கட்டையும் இடம் மாறியிருக்கும்." அட் குறிக்கு மேற்கோள் குறி போட்ட கட்டையை அழுத்தி, பாஸ்வேர்டு கட்டத்தில் அடித்தான். திறந்துகொண்டது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. "முதல்லயே மேல அடிச்சுப் பாத்திருக்கலாமேண்ணே" என்றான். மேனேஜர் அவனுக்கு டீ சொன்னார்.

இப்போது வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மெஷினைப் போடாமல் வைத்திருந்தது நான்தான். மூச்சு அடைக்கிறது என்பது தெரியும். முப்பத்தைந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதையும் நான் மறைக்கவில்லை, அக்காவிடமும் இப்படியே சொல்லத் தயார்.

ஆனால் தப்பை ஒருவன் தலையில் மட்டும் கட்டாதீர்கள், அது நியாயமில்லை. கீபோர்டு விஷயம் அவருக்குப் புதன்கிழமையே புரிந்திருக்கிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மனுஷன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.