எட்டாவது அட்டை

குண்டு ஒரு சாண் கீழே பட்டது. எங்கள் சிக்கல் அவ்வளவுதான், சார்.

பத்ரிநாராயணன் மயிலாப்பூர்ப் பள்ளியில் என்னோடு படித்தவன். ரைபிள் கிளப்பில் சுடுவான். வெளிநாட்டுத் தோட்டா கிடைக்காமல் போனதால், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் தானே வெடிமருந்து நிரப்பி, குண்டைப் பொருத்திக்கொள்வான். முந்நூறு கஜத்துக்குக் குறியை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று கணக்குப் போட என்னிடம் வந்தான். நான் அடையாறில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் இயந்திரம் சும்மா இருக்கும்.

ப்ரோக்ராமை நானே எழுதினேன். எட்டு அட்டைகளில் விவரங்களைத் துளையிட்டுக் கொடுத்தால் வேகம், விழும் தூரம், துப்பாக்கிக் குழாய்க்குள் அழுத்தம் எல்லாம் தாளில் வந்துவிடும். மருந்தின் அளவு மூன்றாவது அட்டை. குண்டின் வடிவத்துக்கான எண் எட்டாவது அட்டை. அதை ஒரு புத்தகத்திலிருந்து எடுத்தேன்.

தாளில் உள்ளபடி குறி வைத்தான். குண்டு ஒரு சாண் கீழே பட்டது. இருவருக்கும் காரணம் புரியவில்லை.

"மெஷின் தப்பு பண்ணாதுடா பஞ்சு. மருந்துதான் போறலை," என்றான். கொஞ்சம் கூட்டினான். மருந்தைக் கூட்டினால் தாளில் வேகமும் கூடும், குறியைக் குறைக்கச் சொல்லும். அவன் குறைப்பான். குண்டு மறுபடி கீழே படும். நிழலைத் துரத்துவது போல.

மூன்றாவது வாரம் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் அவன் குண்டு ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தபோது காரணத்தைக் கண்டுபிடித்தேன். புதிய அட்டை துளையிட்டு ஓட்டிப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. அன்று நான் பட்ட சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது.

சனிக்கிழமை வடைப் பொட்டலத்தோடு வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னான்: "கணக்கு சரியாயிடுத்துன்னா உன்னை விட்டுடறேன்டா. சனிக்கிழமையாவது ஆத்துல இருங்கோன்னு சீதா மூஞ்சியைத் தூக்கிண்டிருக்கா."

பதினொரு வருடமாக அந்த மேன்ஷனில் இருக்கிறேன். என்னைத் தேடி வந்தவன் அவன் ஒருவன்தான். புதிய அட்டையைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன். இன்னும் ஒரு வாரம் என்றுதான் நினைத்தேன். ஏழு வாரம் ஆயிற்று.

ஐந்தாவது வாரம் தாளில் அழுத்தம் பாதுகாப்பு எல்லையைத் தாண்டியது. அதைப் பார்த்தால் பயந்து சுடுவதையே விட்டுவிடுவான் என்று தோன்றியது. அதனால் அழுத்தத்தை அச்சிடும் வரியை மட்டும் எடுத்துவிட்டேன். வேறெதையும் தொடவில்லை. ப்ரோக்ராம் அதற்குப் பிறகும் சுத்தமாக ஓடியது.

மாநிலப் போட்டிக்கு முந்தைய ஞாயிறு, துப்பாக்கியின் பின்பக்கம் வெடித்து முகத்தில் பாய்ந்தது. மூன்று நாள் உயிரோடு இருந்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவன் மனைவி சீதா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் என் தாள், நாலாக மடித்தபடி. அவன் சட்டைப் பையில் இருந்ததாம்.

"அண்ணா, உங்க கணக்குன்னா அவருக்கு வேதவாக்கு. எங்கே தப்பு போச்சுன்னு எனக்குப் புரியறாப்பல சொல்லுங்கோ."

அவள் புரிந்துகொள்ளும் வரை சொன்னேன். விளக்குவது எனக்கு எப்போதும் பிடிக்கும். சட்டைப் பையில் இருந்த அட்டையை எடுத்துக் காட்டினேன். அது எத்தனை வாரமாக அங்கே இருக்கிறது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். மறுநாள்தான் உங்கள் போலீஸ்காரர்கள் என் அறைக்கு வந்தார்கள்.

அவன் கூட்டில் ஒரு துகள் மருந்தைக்கூட நான் போட்டதில்லை, சார். அவன் சனிக்கிழமை வர வேண்டும், அவ்வளவுதான்.

விடை எளிது, எழுதிக்கொள்ளுங்கள். புத்தகத்து எண் கூர்மூக்குக் குண்டுக்கானது. பத்ரியின் குண்டு மழுங்கல் மூக்கு. காற்று அதை அதிகம் தடுக்கும், அதனால் சீக்கிரம் விழும். எட்டாவது அட்டையை மாற்ற வேண்டும். மருந்தை முதல் வாரம் இருந்த அளவிலேயே வைத்து, குறியை மட்டும் அதன் திருகில் பத்து கிளிக் உயர்த்தினால், குண்டு நடுவில் படும்.