ஈயம் பூசிய டிரம்பெட்

மாலை விழும்போது மட்டும் தலைகுனியும் தலைவர் அவர்களே! முன்வரிசையைப் பட்டா போட்டு வாங்கிவிட்ட பெரியவர்களே! ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு, ஓடுகிற பேச்சை மட்டும் நிறுத்தாத தாய்மார்களே! அருப்புக்கோட்டை பேண்டு சங்கத்தின் செயலாளர், பாத்திரக்கடை ஜோதிலிங்கம் வணங்குகிறேன்!

ஊதத் தெரியாத சோலைச்சாமியை விரட்டிச் சங்கத்தின் மானம் காத்த சிங்கம் நான் என்று இன்று பாராட்டு விழா. ஆகா! எப்படிக் காத்தேன்? கேளுங்கள்.

நம் டிரம்பெட் வெள்ளைக்காரன் காலத்துப் பித்தளை. மூன்று பொத்தான். ஒவ்வொன்றின் கீழும் துளை போட்ட ஓர் உருளை. அமுக்கினால் காற்று பக்கத்து வளைவைச் சுற்றி வரும், சுதி இறங்கும். உருளைக்கும் உறைக்கும் நடுவே தலைமுடி நுழையாது! அப்படி இழைத்தவன், பாவம், உள்ளே ஈயம் பூச மறந்துவிட்டான்!

யாரது சிரிப்பது? வெங்கடம்மாளா? உங்கள் அண்டாவுக்கு வருஷம் தவறாமல் பூசுகிறீர்களே தாயே, சிரிக்கலாமா?

"வாயில வைக்கிற பித்தளை, களிம்பு ஏறுமே!" என்று பதறினார் ஒரு மேதை. திருவிழாவுக்கு முந்தின நாள், உருளைகளைக் கழற்றிவிட்டு, டிரம்பெட்டை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் தேய்த்து, வளைவுக்குள் ஈயத்தை ஓடவிட்டார். அருமையான வேலை! அதில் ரசம் வைக்கலாம். ஊதத்தான் முடியாது!

மறுநாள் சௌடம்மன் சப்பரத்துக்கு முன்னால் சோலைச்சாமி கண் சிவக்க ஊதினார். "மொதலாளி, உள்ள என்னமோ அடைக்குது, காத்து போக மாட்டேங்குது" என்றார். ஒன்பது வருஷம் பிசகாமல் ஊதியவர்! நாம் என்ன சொன்னோம்? "கடலைக்காட்டுல களையெடுக்கிற வம்சத்துக்கு டிரம்பெட்டு எதுக்குலே?" என்றோம். சொன்ன வாய்கள் எல்லாம் இந்தப் பந்தலில்தான் வெற்றிலை மென்றுகொண்டிருக்கின்றன.

அந்த மேதை யார்? ஏன் எல்லோரும் தலைவரைப் பார்க்கிறீர்கள்? அவருக்குப் பாத்திரத்தில் சாப்பிடத்தான் தெரியும். நான்தான் ஐயா! ஊர் சிரிக்குமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. நேற்று மதுரையில் வாத்தியம் பழுதுபார்க்கிற கடையில் வளைவை அறுத்துப் பார்த்தோம். சுண்டைக்காய் அளவு ஈயம். இதோ, என் உள்ளங்கையில்! இதுவா சோலைச்சாமிக்குத் தெரியாத சங்கீதம்? இதுவா அவர் வம்சத்தின் குறை?

என்ன தலைவரே, துண்டுச்சீட்டு? "பேச்சை முடிக்கவும்". முடிக்கிறேன்.

பந்தலுக்கு வெளியே நிற்கும் சோலைச்சாமி அவர்களே, மேலே வாருங்கள். இந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். நீங்கள் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்!