கல்யாண போட்டோவில் ஓரமாக நின்றவள்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் இருந்த நாவலைத் தட்டினாள்.

“இந்தக் கதையில வர்ற வெள்ளைக்காரிய நான் மன்னிக்கவே மாட்டேன் ஜெனி. கூடவே வளர்ந்த ஃப்ரெண்டை ஒரு கடைக்காரன் கறுப்பின்னு கேவலமா பேசுறான், இவ குனிஞ்சு ஷூவைப் பாத்துட்டு நிக்கிறா. ஞாயித்துக்கிழமை புக் கிளப்புல இவளைக் கிழிக்கப் போறேன்.”

“நல்லா கிழி. உங்க அக்கா கல்யாணத்துல, ‘கறுப்பா இருக்கே, போட்டோவுல ஓரமா நில்லு’ன்னு உங்க அத்தை என்னைச் சொன்னாங்களே, அப்ப நீ எதைப் பாத்துட்டு நின்ன ரம்யா?”

காவிரிப் பாலம் முடிந்ததும் ரம்யா நாவலைப் பைக்குள் வைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“அத்தை, கல்யாணத்துல ஜெனியை ஓரமா நிக்கச் சொன்னீங்கல்ல, அது தப்பு. நான் சும்மா இருந்ததும் தப்பு. என்னது? சரி, வைக்கிறேன்.”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

“என்னடி சொன்னாங்க?”

“பஸ் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலையாம்.”

ஜெனி சிரித்துவிட்டாள். “விடுடி. எனக்குக் கேட்டுச்சு, போதும்.”

“எனக்குப் போதாது” என்று ரம்யா மறுபடியும் அழைத்தாள். இந்த முறை அவள் சொன்னது டிரைவருக்கே கேட்டிருக்கும்.