பஸ்ஸில் பலித்த சாபம்

நஞ்சன்கூட்டில் நான் ஏறிய மைசூரு பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் திடீரென்று கத்தினார்.

"அந்தப் பாவி நீதானாடா?"

பக்கத்தில் இருந்தவர் அவர் மனைவியின் தம்பி. இருவரும் கூட்டாகப் பழைய கார் கடை நடத்துகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"போன்ல நடக்குற டீலருங்க ஏலத்துல யார் கேக்குறாங்கன்னு காட்ட மாட்டாங்களே மாமா. நீங்க கல்யாணப் பந்தியில இருந்தீங்க, தொந்தரவு வேணாம்னு மண்டபத்துக்கு வெளிய நின்னு நான் அந்த வண்டிய ஏலம் கேட்டேன்."

"நானும் எலைக்கு முன்னாடி உக்காந்து அதே வண்டியத்தான்டா கேட்டேன்! ஒரு கையில சாம்பார், ஒரு கையில போனு. ஒண்ணரை லட்சம் தேறாத வண்டிய எவனோ விடாம ஏத்துறானேன்னு ரோஷம் வந்துடுச்சு. ரெண்டே முக்காலுக்கு இழுத்துவிட்டு, அவனே கட்டிக்கிட்டு அழட்டும்னு சாபம் விட்டுத்தான் விலகினேன்!"

"பலிச்சிடுச்சு மாமா. நாளைக்கு நம்ம கடையிலிருந்துதான் பணம் கட்டணும்."